அத்தை வீட்ல தங்கிட்டு கவர்ல பணம் குடுத்தேன், கோவிச்சுக்கிட்டாங்க... இப்ப என்ன பண்றது?

சென்னைல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. குடும்பத்தோட தஞ்சாவூர் போய் அத்தை வீட்ல 4 நாள் தங்கியிருக்காங்க, பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் மாமாவே கார் ஓட்டி காட்டியிருக்காரு, பெட்ரோலுக்கு காசு வாங்கல. கிளம்புறப்ப கவர்ல 5000 ரூபா வச்சு நீட்டினா அத்தை மூஞ்சி மாறிடுச்சாம், "நாங்க என்ன லாட்ஜா நடத்துறோம்"னு கேட்டுட்டாங்களாம்.

தப்பு தொகைல இல்லங்க, குடுத்த விதத்துல. வாசப்படில நின்னு கவர நீட்டினா அது பில்லு செட்டில் பண்ற மாதிரிதான் தெரியும். அதே பணத்த 5001ஆ வெத்தல பாக்கு பழத்தோட தட்டுல வச்சு, ரெண்டு பேர் கால்லயும் விழுந்து எழுந்து குடுத்திருந்தா பாதியாவது வாங்கியிருப்பாங்க, மீதிய உங்க பசங்க கையிலயே திருப்பி திணிச்சிருப்பாங்க, அது வேற கதை.

சரி, இப்ப முதல்ல போன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம். "ரொம்ப நன்றி அத்தை"னு ஆரம்பிக்காதீங்க, சொந்தத்துக்குள்ள நன்றிங்கிற வார்த்தை ஆள தள்ளி நிறுத்திடும். நடந்தத சொல்லுங்க. மதியம் நடை சாத்துறதுக்குள்ள பாத்துடணும்னு அவங்க விடியக்காலம் 4 மணிக்கு எழுந்து புளிசாதம் கட்டிக் குடுத்தாங்க இல்ல, "அது மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது, எப்படி அத்தை பண்றீங்க"னு கேளுங்க, அரை மணி நேரம் பேசுவாங்க, கோவம் அதுலயே கரைஞ்சிடும். மாமாகிட்ட தனியா பேசணும், இத நிறைய பேர் விட்டுடுறாங்க. தஞ்சாவூர்ல இருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஒரு வழியே 70 கிலோமீட்டர் பக்கம் வரும், வயசான மனுஷன் உங்களுக்காக வண்டி ஓட்டியிருக்காரு.

செலவ ஈடு கட்டணும்னு மனசு அரிச்சுதுன்னா வழி இருக்கு. திருச்சி ரோட்டுலயும் போயிருந்தீங்கன்னா டோல் மாமாவோட ஃபாஸ்டேக்ல போயிருக்கும், எந்த பேங்க் டேக்னு தெரிஞ்சா வண்டி நம்பர் போட்டு யுபிஐ ஆப்லயே நீங்க ரீசார்ஜ் பண்ணலாம், இதுக்கு யாரும் பெருசா கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா கரண்ட் பில்ல சொல்லாம கட்டாதீங்க, அது அவங்க கௌரவத்துல கை வைக்கிற மாதிரி. ரெண்டு ரூம்ல 4 ராத்திரி ஏசி ஓடினா சுமாரா 60 யூனிட் ஆகும், ரெண்டு மாச கணக்கு 500 யூனிட்ட தாண்டினா ரேட்டும் ஏறிடும், அதனால அடுத்த தடவ போறப்ப எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்குங்க. பெட்ரோலும் அப்படித்தான், பங்க்ல மாமா பர்ஸ எடுக்குறதுக்கு முன்னாடியே நீங்க இறங்கி நின்னுடணும்.

கிஃப்ட்னா யோசிச்சு அனுப்புங்க. நான் ஒரு தடவ ஆன்லைன்ல புடவை ஆர்டர் பண்ணி நேரா சித்தி வீட்டுக்கே அனுப்பிட்டேன், உள்ள பில்லும் சேந்து போயிருக்கு, அந்த மாசமே சித்தி அதவிட 200 ரூபா கூட விலையில எனக்கு ஒன்னு அனுப்பிட்டாங்க. இன்னும் அத பீரோல தான் வச்சிருக்கேன், கட்ட மனசு வரல. என்னய கேட்டா போட்டோ தான் பெஸ்ட். பெரிய கோயில் நந்தி முன்னாடி அத்தையும் மாமாவும் சேந்து நிக்கிற படம் உங்க போன்ல ஒன்னாவது இருக்கும், அத பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணி அனுப்புங்க, அந்த வயசுல கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் ஜோடியா படமே இல்லாதவங்க எத்தனையோ பேர். வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல கோபுரமும் உங்க செல்ஃபியும் மட்டும் போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே அத்தை படத்தையும் போட்டுடுங்க, கண்டிப்பா பாத்திருப்பாங்க.

அப்புறம் "நீங்களும் ஒரு தடவ வாங்க"னு பொதுவா சொல்றது செல்லாத காசு. மார்கழில கச்சேரி சீசனுக்கு வாங்கன்னு தேதியோட கூப்பிடுங்க, ரயில்ல 60 நாளைக்கு முன்னாடியே புக்கிங் தொறந்துடும், உழவன் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு லோயர் பெர்த் போட்டு டிக்கெட்ட அனுப்பிடுங்க. டிக்கெட்ட யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

கிளம்புறப்ப ஊறுகாயோ முறுக்கோ எவர்சில்வர் டப்பால குடுத்து விட்டிருப்பாங்களே, அத வெறுமனே திருப்பிக் குடுத்துடாதீங்க, ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் குடுங்க.