வீட்டுப் பங்கை அடகு வைக்காதீர்கள், ஆச்சி

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஆசையெல்லாம் வேதியியலில்தான். கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் செய்கிறார்களாமே என்று அதைப் பற்றியே பேசுகிறாளாம். பெரியப்பச்சியோ சென்னையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டார். பணத்துக்கு ஊர் வீட்டுப் பங்கை அடகு வைக்கும் யோசனையும் அவருடையதுதான்.

கவலை புரிகிறது, ஆச்சி. ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடனைக் கட்டப்போவது பெரியப்பச்சி இல்லை. வட்டிக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித் தரவும் வேண்டாம். கோடிங் பிடிக்காத பிள்ளையை நாலு வருஷம் அதில் உட்கார வைத்தால் மிஞ்சுவது அரியர்தான்.

மருத்துவம், சி.ஏ., பேங்க் பரீட்சை பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் சொல்வது நீங்கள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், காரைக்குடியில் இருக்கும் செக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள்.

மின்வேதியியல் என்றால் மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பைப் படிப்பது. உங்கள் மகள் சொல்வது அதில் ஒரு பகுதி. நடுவே சவ்வு வைத்த கண்ணாடிக் கலம். ஒரு பக்கம் பைகார்பனேட் கரைசலில் செப்புத் தகடு. அதில் கரியமில வாயுவைக் குமிழியாக விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். வெள்ளித் தகடு என்றால் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வரும். வெள்ளீயம் என்றால் ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் உப்பு. செம்புதான் மீத்தேன், எத்திலீன், எத்தனால் வரை போகும். 1980-களில் ஜப்பானில் யோஷியோ ஹோரி குழுவினர் இதைக் காட்டினார்கள். ஒளியைக் கொண்டு குறைகடத்திப் பொடிகளில் செய்யலாம் என்று 1979-லேயே இனோவே, ஃபுஜிஷிமா, ஹோண்டா கூட்டணி எழுதியது.

சரி, சிக்கல் எங்கே? அதே தகட்டில் தண்ணீரும் பிரிந்து ஹைட்ரஜனாகி, கொடுத்த மின்சாரத்தைத் தின்றுவிடும். ஒரு எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும்; எத்தனை எதற்குப் போனது என்று கேஸ் குரோமடோகிராஃப் என்ற வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியில் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். நாள்பட்டால் தகடும் திறன் இழக்கும். நிலக்கரி எரித்த மின்சாரத்தில் இதைச் செய்தால் அர்த்தமே இல்லை. இத்தனையும் தீராமல் கிடப்பதால்தான் படித்த ஆள் வேண்டியிருக்கிறது.

வழி? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், கணக்கையும் இயற்பியலையும் விடக் கூடாது. அப்புறம் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., இல்லாவிட்டால் அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல். அடுத்து ஆராய்ச்சிக்குப் போக, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. செக்ரியிலேயே வேதி-மின்வேதிப் பொறியியல் பி.டெக்.கும் உண்டு, இந்த வருஷச் சேர்க்கை விதியை நேரில் போய்க் கேளுங்கள்.

வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம். கரியமில வாயு எரிபொருளுக்கென்று வேலைகள் இன்று வரிசையில் நிற்கவில்லை. ஆனால் இதே கைப்பழக்கம் பேட்டரிக்கும் ஹைட்ரஜனுக்கும் முலாம் பூச்சுக்கும் வேண்டும்.

செப்டம்பர் 26, செக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள். அதையொட்டி மாணவர்களை உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்து அவளைக் கூட்டிப்போங்கள். பெரியப்பச்சியிடம் அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.