வாசகர் கேள்வி: வியன்னாவின் நீள்கூந்தல் அரசி

கேள்வி: வியன்னாவில் இருக்கும் மகன் லீவில் வரும்போது கொண்டுவருகிற சொக்லேட் பெட்டி, கோப்பை எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் முகம். தலைமுடி நிறைய நட்சத்திரங்கள். ஆஸ்திரியாவின் எலிசபெத் மகாராணி என்கிறான். 1898இல் இறந்தவர் மீது இன்னும் ஏன் இவ்வளவு ஆசை? அடுத்த மாதம் நானும் அங்கே போகிறேன். எதைப் பார்க்கலாம்?
- வாசகி, கொக்குவில்

பதில்: அக்கா, அந்த முகம் வின்டர்ஹால்டர் என்ற ஓவியர் 1865இல் வரைந்த படத்தில் உள்ளது. அப்போது அரசிக்கு 27 வயது. முப்பது தாண்டிய பிறகு அவர் படம் எடுக்கவே விடவில்லை. யாராவது பார்த்தால் விசிறியாலோ குடையாலோ முகத்தை மறைத்துவிடுவார். 60 வயது வரை இருந்தவரின் முதுமையை ஊர் பார்க்கவில்லை. பெட்டிகளில் அவருக்கு வயது ஏறாததற்கு அதுதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன் நான் ஹோஃப்பர்க் அரண்மனைக்குப் போனேன். பொன் பூச்சு, சிவப்புப் பட்டு, தொங்கு விளக்கு என்று அறை அறையாகப் பார்த்துக் கண் களைத்துப்போனது. அவர் உடுத்தும் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கதவு நிலையில் இரண்டு வளையங்கள் தொங்கின. அரசி அவற்றைப் பிடித்துத் தொங்கி உடற்பயிற்சி செய்தாராம்.

தலைவாருவதும் அங்கேதான். கணுக்கால் வரை முடி. தினமும் இரண்டு மூன்று மணித்தியாலம் போகும், அந்த நேரத்தில் கிரேக்க மொழி படிப்பார். முழுகுகிற நாளில் முட்டை மஞ்சள் கருவும் கொன்யாக் மதுவும் சேர்த்துத் தலைக்குத் தேய்ப்பார்கள், அன்றைக்கு வேறு வேலையே கிடையாது. உதிர்ந்த முடியை ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் வைத்து அவருக்குக் காட்ட வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை சீயக்காய் போட்டு முழுகிவிட்டு, விறாந்தையில் பாயைப் போட்டு முடியை விரித்து உலர்த்துவார். பக்கத்தில் சாம்பிராணிச் சட்டி புகையும். சீப்பில் வந்த முடியை விரலில் சுருட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எறிவார். அந்த அரண்மனையில் எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்தது அந்த ஒரு அறைதான்.

நல்லூரில் மந்திரி மனை என்ற பழைய மாளிகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். மரவேலையும் வளைவும் இருக்கின்றன. ஆனால் அங்கே நடமாடிய ஒரு பெண்ணின் சீப்பு, கண்ணாடி என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வியன்னாவில் அதே பிள்ளைகள் வளையங்களுக்குக் கீழே நின்று கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று, அவருடைய துக்கம். 1854இல் 16 வயதில் கல்யாணம். மூத்த மகள் இரண்டு வயதில் போய்விட்டாள். ஒரே மகன் ருடோல்ஃப் 1889இல் மாயர்லிங்கில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அதன் பிறகு கறுப்பு உடைதான், ஊர் ஊராகப் பயணம்தான். 1898 செப்டெம்பர் 10இல் ஜெனீவா ஏரிக்கரையில் லூயிஜி லுக்கேனி என்பவன் கூரான அரத்தால் நெஞ்சில் குத்தினான். அடித்துவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறார். எழுந்து நடந்துபோய்க் கப்பலிலும் ஏறிவிட்டார், அங்கேதான் மயங்கி விழுந்தார். 1955இலிருந்து அவருடைய செல்லப்பெயரில் வந்த 'சிஸி' சினிமாப் படங்கள் இந்தத் துயரத்தையெல்லாம் தொடாமல், இனிப்பாக முடித்துவிடுகின்றன. என்னால் அவற்றை ரசிக்க முடியவில்லை.

சரி, நீங்கள் போகும் விஷயம். ஷோன்புரூன் மாளிகைக்கு யூ4 என்ற நிலத்தடி ரயிலில் போகலாம். 1,441 அறைகள் கொண்டது, திறந்திருப்பவை கொஞ்சம்தான். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் ஹோஃப்பர்க் போதும். அங்கிருந்து கப்புச்சின் தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். அதன் நிலவறையில் நடுவில் கணவர் பிரான்ஸ் ஜோசப், ஒரு பக்கம் எலிசபெத், மறுபக்கம் மகன் என மூன்று பேழைகள். அரசியின் பேழையருகில் யாராவது பூ வைத்திருப்பார்கள். கீழே குளிரும் அக்கா, ஒரு சால்வை கொண்டுபோங்கள்.