ஆங்கிலம் கேளுங்கள்: ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வருமா?

கேள்வி: வேலைக்கு விண்ணப்பம் எழுதி, கடைசி வரியாக ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடித்தேன். அதைப் படித்த என் அண்ணன் ‘ஹியர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹியரிங்’ என்று எழுதினார். ‘டு’வுக்குப் பிறகு வினைச்சொல் மாறாமல் வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?
– வாசகி, விருதுநகர்

பதில்: அண்ணன் திருத்தியதுதான் சரி, அம்மா. பள்ளியில் சொன்னதும் பொய்யல்ல. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘டு’வுக்கு இரண்டு வேலை உண்டு. ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் அது வினைக்கு முன்னால் நிற்கும் ஓர் அடையாளம் மட்டுமே. ‘ஐ வென்ட் டு மதுரை’ என்பதில் அது ப்ரிபொசிஷன். நம்முடைய நான்காம் வேற்றுமை உருபான ‘கு’ செய்யும் வேலையைச் செய்கிறது.

இதைத் தமிழிலேயே பார்த்துவிடலாம். ‘வர விரும்புகிறேன்’ என்கிறோம். அந்த ‘வர’ என்ற எச்சத்தோடு ‘கு’ சேர்த்து ‘வரக்கு’ என்று யாராவது சொல்வார்களா? ‘வருவது’ என்று பெயராக்கிய பிறகே ‘வருவதற்கு’ என்று உருபு ஒட்டும். ஆங்கிலத்துக்கும் இதே பிடிவாதம் உண்டு. ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் பெயர்தான் நிற்கலாம். அங்கே ஒரு வினையை நிறுத்த வேண்டுமானால் ‘இங்’ சேர்த்து அதைப் பெயராக்க வேண்டும். அப்படிப் பெயரானதற்குத்தான் ஜெரண்ட் என்று பெயர்.

உங்கள் வரியில் இருப்பது எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க, அதன் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ என்று வைத்துப் படியுங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது. ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்தவில்லை. பெயர் பொருந்தும் இடத்தில் ‘இங்’ வரும். வழிகாட்டி நூல்கள் ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘அப்ஜெக்ட் டு’, ‘பி யூஸ்ட் டு’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பட்டியல் தேர்வோடு மறந்துபோகும். இந்தச் சோதனை பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உதவும்.

நடுவில் இருக்கும் ‘ஃபார்வர்ட்’ ஓர் அட்வெர்ப், அதாவது வினையை விளக்கும் சொல். முன்னோக்கிப் பார்க்கிறேன், எதை நோக்கி? அந்த ‘எதை’யைச் சொல்லத்தான் ‘டு’ வருகிறது. பலர் அங்கே ‘ஃபார்’ போடுகிறார்கள், அது தவறு. இதே வரிசையில், அதாவது வினை, அட்வெர்ப், ப்ரிபொசிஷன், ஜெரண்ட் என்று, அன்றாடப் பேச்சில் எத்தனையோ வாக்கியங்கள் ஓடுகின்றன. காபி குடிப்பதைக் குறைத்துவிட்டவர் ‘ஐ ஹாவ் கட் டவுன் ஆன் டிரிங்கிங் காஃபி’ என்பார். கட்டணம் கட்ட இன்னும் நேரம் வாய்க்காதவர் ‘ஐ ஹாவ்ன்ட் காட் ரவுண்ட் டு பேயிங் த பில்’ என்பார். ‘டவுன்’, ‘ரவுண்ட்’ இரண்டும் இங்கே அட்வெர்ப். ‘ஆன்’, ‘டு’ ப்ரிபொசிஷன்.

‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ இவற்றோடு சேராது. அதில் ப்ரிபொசிஷனே இல்லை. ‘அப்’ அட்வெர்ப், ‘ஸ்மோக்கிங்’ நேரடிச் செயப்படுபொருள். ‘இட்’ போட்டால் வித்தியாசம் வெளிப்பட்டுவிடும். ‘ஹி கேவ் இட் அப்’ என்று ‘இட்’ நடுவில் நுழைகிறது. ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ என்பதிலோ அது ‘டு’வுக்குப் பின்னால்தான் உட்காரும். அட்வெர்ப் எது, ப்ரிபொசிஷன் எது என்று குழம்பும்போது ‘இட்’ எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

விண்ணப்பத்தை ‘ஹியரிங்’ என்றே அனுப்புங்கள். வேலை கிடைக்க என் வாழ்த்துகள்.

கேள்வி: ‘யூஸ்ட் டு கெட் அப்’, ‘யூஸ்ட் டு கெட்டிங் அப்’ இரண்டையும் கேட்டிருக்கிறேன். எது சரி?
– வாசகர், தென்காசி

பதில்: இரண்டும் சரி, தம்பி, பொருள்தான் வேறு. ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது அந்த வழக்கம் இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது. முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: ‘கேர்ஃபுல் டிரைவிங்’ என்பதா, ‘கேர்ஃபுலி டிரைவிங்’ என்பதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி. ஜெரண்ட் பாதி பெயர், பாதி வினை என்பதால் இந்தச் சிக்கல் வருகிறது. தமிழில் ‘நன்றாகப் பாடுவது’ என்கிறோம், ‘நல்ல பாட்டு’ என்கிறோம். முன்னதில் வினையின் குணம் மிச்சமிருக்கிறது. பின்னது முழுப் பெயர். ஆங்கிலத்தில் ‘டிரைவிங்’ என்ற ஒரே சொல் இரண்டாகவும் நிற்கும். ‘பஸ்’ போன்ற ஒரு சொல்லை நேரடியாகச் செயப்படுபொருளாக எடுத்துக்கொண்டால் அது வினைபோல நடக்கிறது: ‘பை டிரைவிங் த பஸ் கேர்ஃபுலி’. முன்னால் ‘த’வும் பின்னால் ‘ஆஃப்’பும் வந்தால் அது முழுப் பெயர்: ‘த கேர்ஃபுல் டிரைவிங் ஆஃப் த பஸ்’. பஸ்ஸே இல்லாத இடத்தில் ‘பை கேர்ஃபுல் டிரைவிங்’, ‘பை டிரைவிங் கேர்ஃபுலி’ இரண்டையும் எழுதலாம்.