ஜெலி பக்கற்றில் பச்சை வட்டம் இருந்தால் சைவமா?

கேள்வி: கந்தசஷ்டிக்கு வீட்டில் மச்சம் இல்லை. வெள்ளவத்தைக் கடையொன்றில் மகளுக்கு ஜெலி இனிப்பு வாங்கினேன். "பச்சை வட்டம் இருக்கு அக்கா, சைவம்தான்" என்றார் கடைக்காரத் தம்பி. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பக்கற்றை இன்னொரு தடவை பாருங்கள், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டமும் இருக்கும். சிவப்பு சீனிக்கு, பச்சை உப்புக்கும் கொழுப்புக்கும். நூறு கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு. 2019இல் இலங்கையில் திண்ம உணவுகளுக்கு வந்த நிற அடையாளம் இது. சைவமா மச்சமா என்று அது சொல்லாது.

இந்தியப் பொருட்களில் சதுரத்துக்குள் இருக்கிற பச்சைப் புள்ளிதான் சைவத்துக்கானது. பால் சேர்ந்தாலும் அது கிடைக்கும். முட்டை சேர்ந்தால் கிடைக்காது. இரண்டு நாட்டுப் பொருளும் ஒரே தட்டில் அடுக்கியிருக்க, ஒரே நிறத்துக்கு இரண்டு அர்த்தம் என்றால் சனம் குழம்பாமல் என்ன செய்யும்? நிறம் தீர்மானித்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

சரி, வட்டத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். ஜெலட்டீன் என்றிருந்தால் அது மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலிலோ எலும்பிலோ எடுத்தது. ஹலால் முத்திரை இருப்பதால் அது சைவமாகிவிடாது. இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். பெக்டின், அகர் அகர் என்றால் பயமில்லை. அகர் நாங்கள் வீட்டில் காய்ச்சும் கடற்பாசிதான்.

யோகட் கப்பையும் திருப்பிப் பாருங்கள். பால்தானே என்று விரத நாளில் வாங்குகிறோம், ஆனால் இங்கே பல யோகட்டுகளில் இறுக்கத்துக்கு ஜெலட்டீன் போடுகிறார்கள். அதற்காகத் தயிரை ஒதுக்க வேண்டியதில்லை. பாலும் உறையும் மட்டும் சேர்ந்த சட்டித் தயிரைத் தாராளமாகச் சாப்பிடலாம். சட்டிக்கு ஜெலட்டீன் தேவையில்லை, எருமைப்பால் தானாகவே இறுகும்.

எனக்குக் கோபம் வருவது ஸ்டிக்கர் வியாபாரிகள் மேல்தான். வெளிநாட்டுப் பக்கற்றை இறக்கி, சரியாகச் சேர்மானப் பட்டியலுக்கு மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். புறக்கோட்டையில் நான் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கீழே 'மாட்டு ஜெலட்டீன்' என்று இருந்தது. பட்டியலை ஸ்டிக்கர் மூடியிருக்கிற பக்கற்றை வாங்காதீர்கள். "சைவம்" என்று பொய்யாக அச்சிட்டிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, 1977 என்ற நுகர்வோர் அதிகார சபை இலக்கத்திலோ முறையிடுங்கள். அதுவரை பில்லையும் வெறும் பக்கற்றையும் எறியாமல் வைத்திருங்கள்.