டேமேஜ் பீஸா?

அன்புள்ள சார்,

பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானல் மேலே வட்டக்கானல் வரை நடந்த பாதையை நீங்கள் கையால் அச்சடித்த படம் வந்து சேர்ந்தது. சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாள் குழிஞ்சிருக்கே, டேமேஜ் பீஸைத் தள்ளிவிட்டுட்டாங்க" என்கிறார். மேல் ஓரத்தில் பச்சையும் கறுப்பும் விலகியும் நிற்கின்றன. அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதையில் ஒரு மாதம் நடந்த என் மகள், படத்தின் தலைப்பைப் பார்த்து, "ஒரு நாள்ல ஏறுற வழிக்கு நெடுநடைன்னு பேரா?" என்று சிரிக்கிறாள்.

வாசகர், தேனி

அன்புள்ள ஐயா,

சட்டக் கடைக்காரருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. எனக்கு அச்சுக்கோக்கச் சொல்லித் தந்த பெரியவரும் இதையேதான் சொன்னார். கல்யாணப் பத்திரிகையும் பில் புக்குமாக வாழ்நாளெல்லாம் டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தை மிதித்தவர். எழுத்து தாளைத் தொட வேண்டும், குத்தக்கூடாது என்பது அவர் பாடம். குத்தினால் ஈய எழுத்து சீக்கிரம் தேயும், தாளின் மறுபக்கத்தில் அச்சடிக்க முடியாது. அழுத்தத்தைக் கூட்ட, அடியில் இன்னும் இரண்டு தாள் வைக்கும்படி நான் சொன்னபோது, "எது வரக்கூடாதுன்னு இத்தனை வருஷம் பாத்தேனோ, அதையே கேக்குறீங்களே தம்பி" என்றார். ஈய எழுத்தே இல்லாமல் அடிக்கும் ஆஃப்செட் வந்த பிறகு தட்டையான அச்சு மலிவாகிவிட்டது. இப்போது கைவினை அச்சு வாங்குகிறவர்கள் விரலில் தட்டுப்படும் அந்தக் குழிவுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

எனக்கும் இதில் பாதிச் சம்மதம்தான். எழுத்தைத் தாளுக்குள் புதைப்பது அநியாயம். கீழே உள்ள ஊர்ப்பெயர்களைத் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் தெரியாது. பாதைக் கோட்டை மட்டும் தனி பிளாக்காக்கி, தனியாக அழுத்தி அடித்தேன். மோட்டார் சாலை வருவதற்கு முன்பிருந்தே ஆட்கள் கொடைக்கானலுக்கு ஏறி இறங்கிய வழி அது. சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குத் தேய்ந்து கிடக்கிறது. அதைத் தட்டையாக அடிக்க மனம் வரவில்லை.

பச்சை விலகியது என் பிழை, கொஞ்சம் மேகத்தின் பிழை. பருத்திக் கழிவில் செய்த தாள் ஈரத்தைக் குடித்து உப்பும். கொடைக்கானலில் ஐப்பசி மாதம் பச்சையை அடித்துவிட்டு, மை காயட்டும் என்று தாள்களை ஜன்னலோரம் வைத்தேன். ராத்திரி முழுக்க மேகம் உள்ளே வந்து போனது. மறுநாள் கறுப்பை ஏற்றினால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது.

கடைக்காரர் இன்னொரு குறையும் கண்டுபிடிப்பார் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன். தலைப்பில் 'மலை' என்பதில் இருப்பது பழைய துதிக்கை லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதற்கு வேலை போய்விட்டது. பெரியவரின் எழுத்துப் பெட்டியில் ஒரு மூலையில் தூசியோடு நான்கைந்து கிடந்தன. தும்பிக்கை தூக்கிய எழுத்தை அந்த மலைக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

மகள் சிரிப்பது நியாயம்தான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை அவள் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். வழி தவறாமலிருக்க மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். நடுவே வெள்ளகவி கிராமம் உள்ள நம் வழியில் நான் நம்பிப் போனது குதிரைச் சாணத்தை. பெரியகுளம் சுமார் 280 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவளை ஒரு தடவை ஏறச் சொல்லுங்கள். அப்புறம் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளில் படாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிப் போட்டால் குழிவு அமுங்கிவிடும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். விலகல் கண்ணை உறுத்தினால் படத்தைத் திருப்பி அனுப்புங்கள். நேராக விழுந்தவை ஏழோ எட்டோ கையில் இருக்கின்றன.