பிரிட்டனில் ஊர், ரயில் நிலையம், குடும்பம் எல்லாவற்றுக்கும் ஏன் புனிதர் பெயர்?

பெரும்பாலும் காரணம் ஒரு தேவாலயம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரு தேவாலயத்தை ஒரு புனிதர் பெயரில் அர்ப்பணிப்பார்கள், அதைச் சுற்றியிருக்கும், அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பங்குப் பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அங்கே எது வந்தாலும் அந்தப் பெயர்தான். ஆலமரத்தடி பஸ் ஸ்டாப்பில் மரம் போன பிறகும் கடை, தெரு எல்லாம் ஆலமரம் என்றே இருக்குமே, அப்படி.

லண்டனின் செயின்ட் (அதாவது புனிதர்) பாங்க்ரஸையே பாருங்கள். பாங்க்ரஸ் ரோமில் உயிர்விட்ட சிறுவன். அவர் பெயரில் ஒரு சின்னப் பழைய தேவாலயம், அதிலிருந்து பகுதியின் பெயர், அதிலிருந்து 1868இல் திறந்த ரயில் நிலையத்தின் பெயர். அந்தத் தண்டவாளத்துக்காக தேவாலயத்துக் கல்லறைகளையே தோண்டி இடம் மாற்றினார்கள், இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

குடும்பப் பெயர்கள் வேறு வழியில் வந்தவை. ஸ்காட்லாந்தின் சின்க்ளேர் குடும்பப் பெயர், நார்மண்டியில் செயின்ட் கிளேர் என்ற புனிதரின் பெயர் கொண்ட ஊரிலிருந்து வந்தது.

அதனால் இப்படிப் பெயர் இருப்பவர்கள் அந்தப் புனிதரின் வாரிசுகள் என்று பலர் நினைப்பது தவறு. அது முன்னோரின் ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.