பேருந்துப் பணிமனையும் சூரிய மின்சாரமும்: சிங்கப்பூருக்கு ஆய்வுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கோவையில் எம்.இ. முடித்துவிட்டு ஆகஸ்டில் இங்கே முனைவர் பட்ட ஆய்வில் சேரப்போகிறீர்கள். மின்சாரப் பேருந்துகளைப் பணிமனைக் கூரையில் விளையும் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டுவது பற்றி ஆய்வு செய்ய ஆசை. இது சிங்கப்பூருக்குப் பொருந்துமா, வருவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும், எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல தலைப்பு. ஆனால் ஊரில் போட்ட கணக்கை அப்படியே கொண்டுவராதீர்கள். இந்த ஊர் வெயிலும் நிலமும் வேறு.

முதலில் கூரைக் கணக்கு. ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும், அதாவது நாளுக்கு 3.3 யூனிட். மேகம் அதிகம் என்பதால் ராமநாதபுரத்து விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. 12 மீட்டர் பேருந்து கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுக்கிறது, நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 240 யூனிட் வேண்டும். அதற்கு 73 கிலோவாட் தகடு, ஏறக்குறைய 400 சதுர மீட்டர் கூரை. அந்தப் பேருந்து நிற்க வேண்டிய இடமோ 30 சதுர மீட்டர். ஒரு வண்டிக்கு அது நிற்கும் இடத்தைப் போல் 13 மடங்கு கூரை தேவை, சார்ஜரில் போகும் இழப்பை இன்னும் சேர்க்கவில்லை. 2021இல் திறந்த தெங்கே நீர்த்தேக்க மிதக்கும் சூரியப் பண்ணை 45 ஹெக்டேரில் 60 மெகாவாட். அது முழுவதையும் கொடுத்தால்கூட 800 பேருந்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். தீவில் ஓடுபவை ஐயாயிரத்துக்கும் மேல்.

இன்னொரு சிக்கல் நேரம். வெயில் நண்பகலில், அப்போது வண்டிகள் சாலையில். வண்டிகள் பணிமனைக்கு வருவது நள்ளிரவை ஒட்டி, கிளம்புவது விடியுமுன். இடையில் கிடைப்பது நாலரை மணி நேரம் என்று கொள்ளுங்கள். 240 யூனிட்டை அதற்குள் ஏற்ற வண்டிக்குச் சராசரி 53 கிலோவாட் வேண்டும், 100 வண்டிக்கு 5.3 மெகாவாட். அத்தனையும் வந்தவுடன் 150 கிலோவாட் சார்ஜரில் செருகினால் 15 மெகாவாட். டிரான்ஸ்பார்மரின் அளவும் செலவும் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் முடிவாகின்றன. எந்த வண்டியை எப்போது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்ற வரிசைமுறைதான் இங்கே உயிருள்ள கேள்வி என்பது என் கருத்து. 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவது அரசின் இலக்கு, எனவே விடை உடனே பயன்படும். கூரைச் சூரிய மின்சாரத்தை அதில் ஒரு பகுதியாக வையுங்கள், தலைப்பின் தூணாக வைக்காதீர்கள்.

கரிமக் கணக்கிலும் கவனம் வேண்டும். இங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. இந்தியாவில் அது 0.7ஐ ஒட்டி இருக்கும். இந்திய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் மின்சாரப் பேருந்தின் பயன் பாதியாகத் தெரியும். கிலோமீட்டருக்கு 0.45 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி 1.2 கிலோ வெளியிடும், மின்சார வண்டிக்கு இங்கே அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

அடுத்து குளிர்சாதனம். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். ஐரோப்பிய மாதிரிகள் குளிர்காலச் சூடேற்றலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, வறண்ட ஊர்களில் எழுதியவை வெப்பநிலையை மட்டும் பார்ப்பவை. இங்கே காற்றில் ஈரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது உள்ளே வரும் ஈரத்தை நீராக்கி வெளியேற்றவே குளிர்சாதனம் பாதி பாடுபடும். வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும், கதவு திறந்திருக்கும் நொடிகளையும் மாதிரியில் சேருங்கள். குளிர்சாதனம் ஓடுவது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். சராசரி 8 கிலோவாட் இழுத்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கிலோமீட்டருக்கு 0.4 யூனிட். நெரிசலில் வேகம் 10 ஆகிவிட்டால் அதுவே 0.8. மேலே சொன்ன 1.2 என்ற எண் மாலை நெரிசலில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தரவு பற்றி. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டாமாலில் பதிவு செய்தால் இலவசமாக ஏபிஐ சாவி, அதாவது நிரல் வழியாகத் தரவு கேட்டுப் பெறுவதற்கான குறியீடு, அனுப்புவார்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். எந்த நிறுத்தத்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற கோப்பு மாதாமாதம் 10ஆம் தேதிக்குள் வெளிவரும். கடைசி மூன்று மாதம்தான் கிடைக்கும், பழையதைப் பிறகு தேடிப் பயனில்லை. பதிவிறக்க இணைப்பு ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், இணைப்பைக் கேட்டவுடனே இறக்கும்படி சிறு நிரல் எழுதிவிடுங்கள். மற்ற ஏபிஐகள் ஒரு முறைக்கு 500 வரிதான் தரும், மீதியைத் தாவித் தாவிக் கேட்க வேண்டும்.

அந்தக் கோப்பில் கால் வைக்கும் இடமெல்லாம் குழி. நிறுத்த எண் ஐந்து இலக்கம். எக்செலில் திறந்தால் 01012 என்பது 1012 ஆகிவிடும், பிறகு நகர மையத்து நிறுத்தங்கள் எதுவும் வரைபடத்தோடு சேராது. எண்ணை எழுத்தாகவே படியுங்கள். பயண எண்ணிக்கை மாதம் முழுவதற்குமான கூட்டுத்தொகை, ஒரு நாளுக்கானது இல்லை. வார நாள் ஒரு பிரிவு, வார இறுதியும் பொது விடுமுறையும் இன்னொரு பிரிவு. தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தச் செவ்வாய் இரண்டாம் பிரிவில் போய்விடும், நாட்களை எண்ணி வகுக்கும்போது இதைக் கழியுங்கள். பேருந்து மாறிப் போகிறவர் இரண்டு பயணமாகத் தெரிவார். எந்த எண் பேருந்தில் ஏறினார் என்ற விவரம் கோப்பில் கிடையாது, வழித்தடத் தரவை வைத்துப் பிரித்துக் கொடுப்பது உங்கள் வேலை. நிலவரைபடக் கோப்புகள் பலவும் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூரின் சொந்த ஆயத்தொலை அளவையில் இருக்கும். மாற்றாமல் போட்டால் சிங்கப்பூர் கடலுக்குள் எங்கோ போய் உட்காரும்.

கூரையில் கருவி வைக்கும் திட்டம் இருந்தால், தகடுகளைப் படுக்கையாக வைக்காதீர்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் படுக்கை நிலையே லாபம் என்று ஏடு சொல்லும், ஆனால் தண்ணீர் தேங்கிக் கீழ் விளிம்பில் அழுக்கும் பாசியும் படியும். பத்து பாகை சாய்வு கொடுத்தால் மழையே கழுவிவிடும். மேகம் நொடியில் வந்து போகும் ஊர் இது, ஐந்து நிமிடச் சராசரி போதாது, நொடிக்கு ஒரு அளவு எடுங்கள். உயரத்தில் வேலை செய்யப் பயிற்சியும் அனுமதிச் சீட்டும் வேண்டும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும், அது ஆண்டில் நூறு நாளுக்கு மேல் நடக்கும். கால அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

பேருந்து ஓட்டுநர்களிடம் கருத்தெடுப்பு நடத்துவதானால், இங்கே அவர்களைப் பஸ் கேப்டன் என்பார்கள், நம் மொழி பேசுபவர்களும் உண்டு. தமிழில் பேசினால் சார்ஜ் குறையும்போது குளிர்சாதனத்தை என்ன செய்கிறார்கள் என்பதுவரை மனம்விட்டுச் சொல்வார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் முன் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, தமிழ்க் கேள்வித்தாளையும் சேர்த்தே அனுப்புங்கள். பாதியில் மொழிபெயர்ப்பைச் சேர்த்தால் திருத்த விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு.

தங்குமிடம்: முதல் ஆண்டுக்கு வளாக விடுதிக்கே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லேயை ஒட்டி வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை, அங்கிருந்து 179 அல்லது 199 எண் பேருந்து. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என்றால் கிளமெண்டி. உபகாரச் சம்பளத்தில் லிட்டில் இந்தியா பகுதியான தேக்கா அருகே அறை எடுத்துவிட்டு தினமும் நன்யாங் போய்வர நினைக்காதீர்கள், ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஆகஸ்டுக்குள் குறைந்தது இரண்டு மாதக் கோப்பு உங்கள் கையில் இருக்கும். ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்து, மணிவாரியாக ஏறுபவர் எண்ணிக்கை, வேகம், கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று போட்டு ஒரு பக்கமாக்குங்கள். வழிகாட்டிப் பேராசிரியரை முதல் முறை பார்க்கும்போது அந்தப் பக்கத்தை மேசையில் வையுங்கள், தலைப்பை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.